நிலம் யாருடையது? – 11: வேலி விழாத வயல்கள்

இங்கிலாந்தின் பொது வயல்களைப் பாராளுமன்றம் ஊர் ஊராகச் சட்டம் போட்டு வேலிக்குள் அடைத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட மசோதாக்கள், சுமார் 68 லட்சம் ஏக்கர். நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். சட்டம் கிட்டம் எதுவும் இல்லாமல், பெரிய மனிதர்கள் தங்களுக்குள் பேசி முடித்து அடைத்துக்கொண்ட நிலம் இந்தக் கணக்கில் வராது. இத்தனைக்கும் தப்பி, இன்றும் பழைய முறையில் பயிரிட்டு, பழைய முறையிலேயே வழக்குப் பேசித் தீர்த்துக்கொள்ளும் ஊர் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதன் பெயர் லாக்ஸ்டன்.

நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டியில், நியூவார்க் நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. மேற்கே கொஞ்ச தூரத்தில் ஷெர்வுட் காடு. ராபின் ஹூட் கதை கேட்டவர்களுக்கு அந்தக் காட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலையும் இல்லை, ஏரியும் இல்லை. மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கும் சிவப்புக் களிமண் பூமி. மழை பெய்தால் கலப்பையை விடாமல் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாகிவிடும். இப்படிப்பட்ட மண்ணைத் தனி ஆளாக உழுவது கடினம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது, பண்ணை வீடுகள் எல்லாம் தெருவிலேயே வரிசையாக நிற்பதுதான். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, பல வீடுகள் பக்கவாட்டுச் சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் பின்னால் முற்றம், களஞ்சியம், அதற்கும் பின்னால் நீளமாக ஓடும் கொல்லை. இங்கிலாந்தின் மற்ற இடங்களில் வேலி போட்டு நிலம் ஒரே துண்டாகக் கைக்கு வந்ததும், வசதியுள்ள விவசாயி ஊரை விட்டுக் கிளம்பித் தன் நிலத்தின் நடுவில் புது வீடு கட்டிக்கொண்டார். லாக்ஸ்டனின் திறந்த வயல்களுக்குள் ஒரு வீடு கிடையாது. நிலம் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போது நடுவிடம் என்று எதைச் சொல்வது?

வயல்கள் மூன்று. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல். ஒரு காலத்தில் கிழக்கு வயல் என்று நான்காவதும் இருந்தது. ‘வயல்’ என்றதும் நம் பக்கத்துப் பாத்திகளை நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் ஏக்கர் கொள்ளக்கூடிய பெரும் வெளியாக இருந்தவை. இன்று எல்லாம் சேர்ந்து சுமார் 480 ஏக்கராகச் சுருங்கியிருக்கின்றன. உள்ளே வரப்பு இல்லை, வேலி இல்லை. பக்கம் பக்கமாக நீண்ட பட்டைகள் கிடக்கும். ஒரு பட்டை ஒருவருடையது, அடுத்தது இன்னொருவருடையது, மூன்றாவது வேறொருவருடையது. இடையில் இருப்பது ஓர் உழவுச் சால் மட்டும். ஒருவருக்குச் சொந்தமான பட்டைகள் மூன்று வயல்களிலும் சிதறியிருக்கும்.

மூன்று வயல்களுக்கும் மூன்று முறை. ஒன்றில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி அல்லது அவரை, பட்டாணி வகை, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை ஒரு படி நகரும். மூன்று ஆண்டில் ஒரு சுற்று. இதில் தனி மனித விருப்பத்துக்கு இடமில்லை. உங்கள் பட்டை கோதுமை வயலில் இருந்தால் கோதுமைதான். அறுவடை முடிந்த பிறகு தாளில் ஊரின் ஆடு மாடுகள் மேயும். யாராவது ஒருவர் ‘எனக்கு வேறு பயிர் தோதுப்படும்’ என்று முறை மாற்றி விதைத்தால், ஊர் மந்தை அவர் பயிரையும் சேர்த்துத் தின்றுவிடும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரிசு வயலில் தீவனப் பயிர் விதைக்கும் வழக்கம் வந்தது. சுற்று மட்டும் மாறவில்லை.

இதெல்லாம் 17ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்தது என்று நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். காரணம் ஒரு வரைபடம். அந்த வரைபடத்துக்குக் காரணம் ஒரு வியாபாரி. அந்த வியாபாரியின் கதை நம் கடற்கரை வரைக்கும் வந்து முட்டுகிறது என்பதால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

சர் வில்லியம் கோர்ட்டீன் 1572ல் லண்டனில் பிறந்தார். தந்தை ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த அகதி. துணி வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கப்பலில் போட்டார் மகன். 1627ல் பார்படோஸ் தீவில் ஆங்கிலேயர் குடியேறியது இவர் செலவில்தான். ஜேம்ஸ், சார்ல்ஸ் என்று இரண்டு மன்னர்களுக்கும் பெருந்தொகை கடன் கொடுத்தார். மன்னருக்குக் கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பி வருவது அரிது, சலுகை கிடைப்பது நிச்சயம். 1635 டிசம்பரில் முதலாம் சார்ல்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்திருந்த ஏகபோக உரிமையைக் கண்டுகொள்ளாமல், கோர்ட்டீன் கூட்டத்துக்கும் கிழக்கே வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் ஜான் வெட்டல் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. கோவா வந்து, சீனாவின் காண்டன் வரை போயின. கன்னடக் கரையில் பட்கலிலும் கார்வாரிலும் கோர்ட்டீன் கூட்டத்தின் பண்டகசாலைகள் முளைத்தன. கம்பெனிக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

அதே 1635ல்தான், தான் வாங்கியிருந்த லாக்ஸ்டனை அளந்து கொடுக்கச் சொல்லி மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை நியமித்திருந்தார் கோர்ட்டீன். பியர்ஸ் அளந்தார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடக் கூடாது. 2,000த்துக்கு மேற்பட்ட பட்டைகளை ஒன்று விடாமல் வரைந்தார். எந்தப் பட்டை யாருடையது, எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் கூடவே ஒரு பதிவேட்டில் இருக்கிறது. நம் ஊர் அடங்கலையும் புல வரைபடத்தையும் ஒரே ஆள் சேர்த்துச் செய்தது போல. போதாக்குறைக்கு, தோலில் வரைந்த அந்தப் படத்தில் உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டை நாய்களோடு ஓடுகிறவர்கள் எல்லாரையும் குட்டிக் குட்டியாகத் தீட்டியும் வைத்தார். இன்று அது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

கோர்ட்டீனுக்கு அந்த அழகை ரசிக்க அதிக நாள் வாய்க்கவில்லை. கப்பல்கள் கிளம்பிய சில வாரங்களில், 1636ல் இறந்துபோனார். மகன் காலத்தில் எல்லாம் மூழ்கியது. கடன்காரர்களுக்குப் பயந்து அந்த மகன் நாட்டை விட்டே ஓடினார். பேரன் கிளிஞ்சலும் பூச்சியும் செடியும் சேர்ப்பவராக வாழ்ந்து, தன் சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோனிடம் விட்டுச் சென்றார். ஸ்லோனின் சேகரிப்பிலிருந்துதான் பிரிட்டிஷ் மியூசியம் பிறந்தது. லாக்ஸ்டன், கோர்ட்டீன் குடும்பத்தின் கையை விட்டு அதே வட்டாரத்துப் பியர்பாண்ட் குடும்பத்துக்குப் போனது. அதன் தலைவர் கிங்ஸ்டன் பிரபு. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் நழுவிக்கொண்டே இருந்து, கடைசியில் மன்னர் பக்கம் சேர்ந்தார். 1643ல் எதிரிகள் அவரைப் பிடித்துப் படகில் கொண்டுபோகும்போது, மன்னர் படையே சுட்டதில் செத்தார். அவருடைய குடும்பம் பிற்காலத்தில் மேன்வர்ஸ் பிரபுக்கள் என்ற பட்டத்தோடு 1952 வரை லாக்ஸ்டனின் சொந்தக்காரர்களாக இருந்தது.

கோர்ட்டீனுக்கு முந்திய காலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1086ல், இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் மன்னர் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் லாக்ஸ்டன் இருக்கிறது. நார்மன்கள் வருவதற்கு முன் டோக்கி என்பவரிடம் இருந்தது. கணக்கெடுத்தபோது ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மன் பிரபுவிடம் இருந்தது. உழைத்தவர்கள் மாறவில்லை, மேலே உட்கார்ந்திருந்தவர் மட்டும் மாறியிருக்கிறார். ஊருக்கு வடக்கே மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் எழுப்பிய நார்மன் கோட்டையின் தடம் இன்றும் தெளிவாக நிற்கிறது. அந்தக் கவுண்டியில் இவ்வளவு நன்றாகத் தப்பிய மேட்டுக்கோட்டை வேறில்லை. அதில் இருந்தவர்கள் பரம்பரை பரம்பரையாக ஷெர்வுட் காட்டின் காவலர்கள். மன்னரின் மானைக் காப்பதுதான் வேலை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் டி எவரிங்ஹாம் என்ற காவலரே மானைத் திருடினார் என்று பதவி பறிபோனது. ராபின் ஹூட் கதை எழுதியவர்கள் ஏன் இவரை விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் ஓக் மரச் சிலை ஊர் தேவாலயத்தில் படுத்திருக்கிறது. கல்லில் பிரபுக்கள் படுத்திருக்கும் தேவாலயங்கள் இங்கிலாந்தில் எங்கும் உண்டு. மரத்தில் தப்பியது அபூர்வம்.

இப்போது மண்ணுக்குத் திரும்புவோம். இப்படிப் பட்டை பட்டையாகச் சிதறி வைத்துக்கொண்டு விவசாயம் செய்வது முட்டாள்தனம் இல்லையா? ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்கு நடந்தே பாதி நாள் போய்விடாதா? 18ஆம் நூற்றாண்டின் விவசாயச் சீர்திருத்தக்காரர்கள் இதைத்தான் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் வேலிச் சட்டங்களுக்கு வழி விட்டார்கள்.

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் விவசாயப் பொருளாதாரம் ஆராய்ந்த சார்ல்ஸ் ஆர்வினும் அவர் மனைவி கிறிஸ்டபெல்லும் சொன்னது. இருவரும் லாக்ஸ்டனைக் களமாக வைத்து 1938ல் ‘திறந்த வயல்கள்’ என்ற புத்தகம் எழுதினார்கள். அவர்கள் ஏட்டைப் புரட்டுவதற்கு முன் கலப்பையைப் பார்த்தார்கள். கனமான களிமண்ணை உழக் கனமான கலப்பை வேண்டும், அதை இழுக்க எருதுகள் பல வேண்டும். அத்தனை எருதுகள் ஒரு குடும்பத்திடம் இருக்காது. நான்கைந்து பேர் சேர்ந்துதான் ஏர் பூட்ட முடியும். ஒரு நாளில் உழுத பட்டை ஒருவருக்கு, மறுநாள் உழுதது அடுத்தவருக்கு. காட்டை அழித்து நிலத்தை விரிக்க விரிக்கப் பட்டைகள் தாமாகவே சிதறின. பட்டையின் நீளம், எருது மூச்சு வாங்காமல் இழுக்கும் தூரம்: சுமார் 220 கஜம். பழைய பட்டைகள் லேசாக வளைந்து கிடப்பதும், இத்தனை எருதுகளைத் திருப்ப முன்கூட்டியே வளைய வேண்டியிருந்ததால்தான். நிலத்தின் வடிவத்தை மாட்டின் உடம்பு தீர்மானித்திருக்கிறது.

இன்னொரு பதில் பொருளாதார வரலாற்றாசிரியர் டீய்ட்ரே மெக்லாஸ்கி சொன்னது. சிதறல் ஒரு காப்பீடு என்கிறார் அவர். பள்ளத்தில் உள்ள பட்டை வெள்ளத்தில் போனால் மேட்டில் உள்ளது நிற்கும். வறட்சியில் மேடு காய்ந்தால் பள்ளம் கைகொடுக்கும். சராசரி விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பட்டினி வராது. எனக்கு இரண்டு பதிலும் ஒன்றையொன்று அடிப்பதாகத் தோன்றவில்லை. ஆர்வின் பட்டைகள் எப்படி உண்டாயின என்று சொல்கிறார், மெக்லாஸ்கி அவை ஏன் நூற்றாண்டுக் கணக்கில் கலைக்கப்படாமல் இருந்தன என்று சொல்கிறார். ஆனால் லாக்ஸ்டன் மட்டும் தப்பியதற்கு இரண்டுமே காரணம் ஆகாது. பக்கத்து ஊர்களிலும் இதே களிமண், இதே மழை.

தப்பிய காரணம் மிக அற்பமானது. ஊரில் பெரிய நிலக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் மேன்வர்ஸ் பிரபு, மற்றவர் ஸ்கார்பரோ பிரபு. வேலி போட வேண்டுமானால் யாருக்கு எந்தத் துண்டு என்று இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. சட்டத்துக்கும் அளவைக்கும் வேலிக்கும் ஆகும் செலவு வேறு. 18ஆம் நூற்றாண்டில் ஒரு பகுதியைப் பேசி முடித்து அடைத்தார்கள். கிழக்கு வயல் போனது அப்படித்தான். மிச்சம் இழுபறியிலேயே கிடந்தது. இழுபறி தீர்வதற்குள் காலம் மாறிவிட்டது. தானிய விலை விழுந்து, வேலி போட்டால் லாபம் என்ற கணக்கே பொய்த்தது. இரண்டு பிரபுக்கள் நண்பர்களாக இருந்திருந்தால் இந்தத் தொடரில் இந்த அத்தியாயம் இருந்திருக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேன்வர்ஸ் பண்ணை நிர்வாகம் சிறு பட்டைகளைச் சேர்த்துப் பெரியதாக்கியது. இயந்திரம் திரும்ப இடம் வேண்டுமே. ஆயிரக்கணக்கில் இருந்தவை நூற்றுச் சொச்சமாகக் குறைந்தன. முறையை மட்டும் தொடவில்லை.

இங்கிலாந்தில் திறந்த வயலின் எச்சங்கள் வேறு இடங்களிலும் உண்டு. டெவன் பக்கம் பிராண்டன், வடக்கே ஆக்ஸ்ஹோம் தீவு. அங்கே பட்டைகள் இருக்கின்றன. அவற்றை ஆளும் மன்றம் இல்லை. லாக்ஸ்டனில் மன்றமும் இருக்கிறது. ‘கோர்ட் லீட்’ என்று பெயர். இடைக்காலத்தில் ஒவ்வொரு மேனரிலும், அதாவது ஒரு பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட ஒவ்வொரு பண்ணைப் பகுதியிலும் இப்படி ஒன்று இருந்தது. சின்னச் சின்னக் குற்றங்கள், மாடு மேய்ந்தது, கால்வாய் தூர்ந்தது, பாதையை உழுதது எல்லாம் அதன் முன் வரும்.

நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ‘ஜூரி நாள்’. முந்தைய ஆண்டு சத்தியம் செய்துகொண்ட பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், வயலைத் தெரிந்தவர்கள். டிராக்டர் டிரெய்லரில் ஏறி அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். பார்லி வயலையோ தரிசையோ பார்ப்பதில்லை, கோதுமை வயல் மட்டும்தான். முறை சுற்றி வருவதால் மூன்று ஆண்டில் எல்லா வயலும் பார்வைக்கு வந்துவிடும். ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் எல்லை முளை அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் புதிதாக அடிப்பார்கள். யாராவது பொதுப் பாதையில் ஒரு சால் கூடுதலாக ஓட்டியிருக்கிறாரா? பக்கத்துக்காரர் பட்டைக்குள் கொழு நுழைந்திருக்கிறதா? வாய்க்கால் தூர்வாராமல் கிடக்கிறதா? பார்த்து எழுதிக்கொள்வார்கள். சாலில் நின்றபடியே வாக்குவாதமும் நடக்கும். பிறகு ஊர் நடுவில் இருக்கும் ‘டவ்காட் இன்’ என்ற மதுக்கடையில் சாப்பாடு. அபராதம் யாருக்கு எவ்வளவு என்பது முடிவாகும்.

அடுத்த வாரம் அதே டவ்காட் இன்னில் மன்றம் கூடும். மேனர் பிரபுவின் சார்பில் ஸ்டீவர்ட் தலைமை வகிப்பார். இவர் பொதுவாக வழக்கறிஞர். பெய்லிஃப் என்ற மன்ற ஊழியர் மன்றத்தைத் திறந்து பெயர்ப் பட்டியலை வாசிப்பார். ஜூரியின் குறிப்பு படிக்கப்படும், அபராதம் அறிவிக்கப்படும், அடுத்த ஆண்டு வயலுக்கான புதிய ஜூரி சத்தியம் செய்துகொள்ளும். அபராதம் பெரிய தொகை இல்லை. பணத்தால் யாரும் நொடித்துப்போக மாட்டார்கள். ஆனால் ‘நீ பக்கத்துக்காரன் நிலத்தில் கொழுவை விட்டாய்’ என்று ஊர் கூடிய அறையில் உரக்கப் படிக்கப்படும்போது, தொகை யாருக்கு வேண்டும்?

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, இந்த ஆண்டு அளக்கிறவர் அடுத்த ஆண்டு அளக்கப்படுகிறவர் என்பதுதான். பாரபட்சம் காட்டினால் அது திரும்பி வரும் நாள் நாட்காட்டியில் குறித்தே வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்து அளந்துவிட்டுப் போனால் இது நடக்காது.

1977ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, நாடெங்கும் மிச்சமிருந்த கோர்ட் லீட்களின் நீதி அதிகாரத்தை ஒரேயடியாக ரத்து செய்தது. அணிவகுப்பு நடத்தலாம், தொப்பி போட்டுக்கொள்ளலாம், ஆனால் யாரையும் தண்டிக்க முடியாது. விதிவிலக்காக அந்தச் சட்டம் பெயர் சொல்லி விட்டுவைத்தவற்றில் ஒன்று லாக்ஸ்டன் மேனரின் கோர்ட் லீட். ஆகவே டவ்காட் இன்னில் கூடுவது நாடகம் இல்லை, சட்டப்படி செல்லுபடியாகும் மன்றம்.

வயல்களுக்குள் உழாமல் விடப்பட்ட புல் பட்டைகள் உண்டு. ‘சைக்’ என்பார்கள். பள்ளமாகவும் ஈரமாகவும் இருப்பதால் கலப்பைக்கு உதவாதவை. நூற்றாண்டுக் கணக்கில் உரமோ மருந்தோ காணாத இந்தப் புல்லில் மற்ற இடங்களில் அழிந்துபோன காட்டுப் பூக்கள் இன்னும் பூக்கின்றன. அதனால் இவை இன்று அரசின் இயற்கைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கோடையில் இந்தப் புல் ஏலம் போகும். தாள் வயலில் மேய்க்கும் உரிமைக்கும் அளவுண்டு. ஒரு பங்குக்கு இத்தனை ஆடு என்று கணக்கு; அந்தப் பங்குக்கு ‘கெய்ட்’ என்று பெயர். அளவு மீறித் திரிந்த மாட்டைப் பிடித்து அடைக்க ஊருக்குள் ஒரு கொண்டித்தொழு இருந்தது, அதற்கு ‘பிண்டர்’ என்று ஓர் ஊழியரும் இருந்தார். கட்டணம் கட்டித்தான் மாட்டை மீட்க வேண்டும். அந்தத் தொழுவைச் செப்பனிட்டு இப்போதும் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் காரெட் ஹார்டினைப் பற்றி ஒரு வார்த்தை. 1968ல் இந்த அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ‘பொதுவுடைமையின் அவலம்’ என்ற கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பொது மேய்ச்சல் நிலம் இருந்தால் ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்த்து நிலத்தை அழித்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். வாதத்தின் விதை, வில்லியம் ஃபாஸ்டர் லாய்ட் என்ற ஆங்கிலேயர் 1833ல் வெளியிட்ட சொற்பொழிவில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் வளர்ச்சித் திட்ட அலுவலகங்களிலும் இதை வேதம் போல ஓதினார்கள். ஹார்டின் கற்பனை செய்த மேய்ச்சல் நிலத்தில் கெய்ட் இல்லை, பிண்டர் இல்லை, ஜூரி இல்லை. அப்படி ஒரு மேய்ச்சல் நிலத்தை லாக்ஸ்டனில் தேடினால் கிடைக்காது. பொது நிலங்களை மக்களே விதி வகுத்துக் காப்பாற்றிய உதாரணங்களை உலகெங்கும் திரட்டி 1990ல் புத்தகம் எழுதிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

அதற்காக லாக்ஸ்டனைச் சமத்துவ சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பியர்ஸின் பதிவேட்டைப் பார்த்தால் போதும். பிரபுவிடம் நிறைய, சில சொந்த நிலக்காரர்களிடம் ஓரளவு, குத்தகைக்காரர்களிடம் கொஞ்சம், குடிசைவாசிகளிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஊர் சேர்ந்து முடிவெடுத்தது என்றால், நிலம் இருந்தவர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள் என்றே படிக்க வேண்டும். நிலமற்றவர் முதுமையில் எங்கே போனார்? 1601ன் ஏழைகள் சட்டப்படி திருச்சபை வட்டாரம் அவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அதுவும் சுருங்கி ‘ஒர்க் ஹவுஸ்’ என்ற ஏழை விடுதி வந்தது. இதே கவுண்டியில் சவுத்வெல்லில் 1824ல் கட்டிய விடுதி இன்றும் நிற்கிறது. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று பிரித்து அடைத்த கட்டடம். 1834ன் புதிய ஏழைகள் சட்டத்துக்கு முன்மாதிரிகளில் ஒன்று.

கோர்ட் லீட் நிலத்தை மட்டும் ஆள்கிறது. மற்றதற்கெல்லாம் லாக்ஸ்டனும் எல்லா ஆங்கிலக் கிராமங்களையும் போலத்தான். 1894ல் வந்த சட்டத்தின்படி ஊருக்கு ‘பாரிஷ் கவுன்சில்’ உண்டு. பக்கத்துச் சிற்றூர் மூர்ஹவுஸையும் சேர்த்து ஒன்றே. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. நடைபாதை, பெஞ்சு, கட்டட அனுமதி பற்றிய கருத்து என்று அதன் எல்லை சிறியது. குப்பையும் கட்டட அனுமதியும் நியூவார்க் அண்ட் ஷெர்வுட் மாவட்டக் கவுன்சிலிடம், பள்ளியும் சாலையும் கவுண்டி கவுன்சிலிடம். ஒரே ஊரில், ஒரே விவசாயி, வீட்டுக் கூரையை மாற்ற ஓர் அலுவலகத்துக்கும், பட்டையின் முளை நகர்ந்ததற்கு டவ்காட் இன்னுக்கும் போக வேண்டியிருக்கிறது. இரண்டில் எங்கே வேலை சீக்கிரம் முடியும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறேன்.

1952ல் கடைசி மேன்வர்ஸ் பிரபு, தனக்குப் பின் இந்த வயல்கள் துண்டு துண்டாக விற்றுப்போய்விடும் என்ற கவலையில் ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். விளைவு வேடிக்கையானது. பிரிட்டனின் வேளாண் அமைச்சர் பதவி வழியாக லாக்ஸ்டன் மேனரின் பிரபுவாகிவிட்டார். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் வேலிப் புதர்களைப் பிடுங்கி விளைச்சலைப் பெருக்கு என்று மானியம் கொடுத்த அதே அமைச்சகம், இங்கே இடைக்கால முறையில் முளை அடிக்கும் ஜூரிக்குத் தலைமை தாங்கியது. 1981ல் அமைச்சகம் ஊரைக் கிரௌன் எஸ்டேட்டிடம் ஒப்படைத்தது. அரசுரிமையின் பெயரில் இருக்கும் நிலங்களை நிர்வகித்து வருமானத்தைக் கருவூலத்துக்குச் செலுத்தும் அமைப்பு அது. நாற்பது ஆண்டுக்குள் அவர்களுக்கும் சுமையாகிவிட்டது போலும். விற்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். குத்தகைக்காரர்கள் கலங்கினார்கள். வாங்குகிறவர் வயலை வாங்குவாரா, அதோடு சேர்ந்த மன்றத்தையும் வாங்குவாரா?

2020ல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். மேன்வர்ஸ் பிரபுக்களின் வாரிசுகளின் நிறுவனம். ஏறக்குறைய எழுபது ஆண்டு அரசாங்கத்தின் கையில் இருந்துவிட்டு, லாக்ஸ்டன் பழைய குடும்பத்துக்கே திரும்பியிருக்கிறது. வயல்களில் பயிரிடும் பண்ணைகள் இருபதுக்கும் குறைவு. மகன்களும் மகள்களும் அந்தக் குத்தகையை எடுத்துக்கொள்ள முன்வருவார்களா என்பதுதான் இப்போது ஊரில் உள்ள கேள்வி. ஸ்டீவர்ட் யார் சார்பில் வந்தாலும், சத்தியம் செய்து சாலில் இறங்கி நிற்கப் பன்னிரண்டு பேர் வேண்டும்.

(தொடரும். அடுத்த இதழில்: ஸ்காட்லாந்தின் மலை நாட்டில் ஆடுகளுக்காக ஆட்கள் வெளியேற்றப்பட்ட கதை.)